வியன்னாவில் குடும்பம், சிரம்பானில் படை: நேதாஜியின் மறுபக்கம்

மலாயாத் தோட்டப்புற லயங்களில் ஒரு காலத்தில் சாமிப் படங்களின் வரிசையில் இராணுவச் சீருடையும் மூக்குக் கண்ணாடியும் அணிந்த ஒருவரின் படமும் மாட்டப்பட்டிருந்தது. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் அந்த முகத்தைத் தெரியாதவர் இல்லை. நேதாஜி என்றால் போதும், பெயரை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் திருமணமாகாதவர், நாட்டையே குடும்பமாகக் கொண்டவர் என்றுதான் அன்றைய தோட்ட மக்கள் நம்பினார்கள். 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூர் திடலில் நின்று அவர் படையைப் பார்வையிட்டபோது, ஐரோப்பாவில் அவருக்கு ஒரு மனைவியும் ஏழு மாதக் கைக்குழந்தையும் இருந்த செய்தி அங்குக் கூடியிருந்த மக்களுக்குத் தெரியாது. தங்கள் கணவரையும் பிள்ளைகளையும் படைக்கு அனுப்பிய தோட்டக் குடும்பங்களுக்கும் அது தெரியாது. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அந்தச் செய்தி மெல்ல வெளியே வந்தது.

கட்டாக்கில் பிறந்த வழக்கறிஞர் மகன்

சுபாஷ் சந்திர போஸ் 1897ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி ஒடிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் வழக்கறிஞர், தாயார் பிரபாவதி. பதினான்கு பிள்ளைகளில் சுபாஷ் ஒன்பதாவது பிள்ளை. இலண்டனுக்குச் சென்று 1920இல் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி நான்காவது இடத்தில் தேறினார். அந்தக் காலத்தில் ஓர் இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த அரசாங்க உத்தியோகம் அது. மறு ஆண்டே அந்த உத்தியோகம் வேண்டாம் என்று விலகி, நாடு திரும்பி விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை சிறைக்கும் வெளிக்குமாக அலைந்தது. பர்மாவின் மாண்டலே சிறையில் உடல்நலம் கெட்டது. சிகிச்சைக்காக 1930களில் ஐரோப்பா சென்று வியன்னாவில் தங்கினார். அங்கே ஒரு புத்தகம் எழுதும் வேலையில் இருந்தபோது, ஆங்கிலம் தெரிந்த தட்டச்சர் ஒருவர் தேவைப்பட்டார். 1934ஆம் ஆண்டு அந்த வேலைக்கு வந்தவர் எமிலி ஷென்கல். ஆஸ்திரியாவின் சாதாரணக் குடும்பத்துப் பெண், சுபாஷைவிட ஏறக்குறைய பதினான்கு வயது இளையவர்.

வேலையில் தொடங்கிய பழக்கம் அன்பாக வளர்ந்தது. 1937 டிசம்பர் 26ஆம் தேதி, எமிலியின் பிறந்தநாளன்று, ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைன் என்ற மலையூரில் இருவரும் இரகசியமாகத் திருமணம் செய்துகொண்டதாக எமிலி பின்னாளில் போஸ் குடும்பத்தாரிடம் தெரிவித்தார். அடுத்த சில வாரங்களில் சுபாஷ் இந்தியா திரும்பினார். 1938இல் காங்கிரஸ் கட்சியின் தலைவரானார், 1939இல் மீண்டும் வென்றார். காந்தியடிகளோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அதே ஆண்டு பதவி விலகினார். இத்தனை நடந்தபோதும் திருமணத்தைப் பற்றி ஊருக்கோ உறவுக்கோ அவர் வாய் திறக்கவில்லை.

பெர்லினில் ஒரு வீடு

1940இல் ஆங்கிலேய அரசாங்கம் அவரைச் சிறையில் அடைத்தது, பிறகு கல்கத்தாவில் அவருடைய வீட்டிலேயே காவலில் வைத்தது. 1941 ஜனவரி மாதத்து நள்ளிரவு ஒன்றில் மாறுவேடத்தில் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். அண்ணன் மகன் சிசிர் காரோட்டினார். பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக, இத்தாலியர் ஒருவரின் பெயரில் எடுத்த கடப்பிதழோடு அதே ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லின் போய்ச் சேர்ந்தார். எமிலியும் வியன்னாவிலிருந்து அங்கு வந்தார்.

பெர்லினின் சார்லோட்டன்பர்க் பகுதியில் சோஃபியன் வீதியில் ஜெர்மன் அரசாங்கம் அவர்களுக்கு ஒரு வீடு ஒதுக்கித் தந்தது. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் அதிக நாள் சேர்ந்து வாழ்ந்தது இந்தக் காலத்தில்தான். அப்போதும் வெளியாருக்கு எமிலி அவருடைய செயலாளர் மட்டுமே. இனத்தூய்மை பேசிய ஹிட்லர் ஆட்சியில், இந்தியர் ஒருவரின் மனைவி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது ஆஸ்திரியப் பெண்ணுக்கு எளிதல்ல. அரசியல் காரணங்களும் இருந்தன.

அந்த வீட்டில் வேலைதான் முதலில் நின்றது. 1941 நவம்பரில் பெர்லினில் சுதந்திர இந்திய மையம் திறக்கப்பட்டது. அதன் வானொலி ஆங்கிலம், இந்தி, வங்காளத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. அதுவரை இத்தாலியப் பெயரில் மறைந்திருந்த சுபாஷ், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த செய்தி கேட்ட பிறகு, அதே மாதம் 19ஆம் தேதி வானொலியில் சொந்தக் குரலில் பேசினார். மலாயாவில் நடந்த போர்தான் அவரை மறைவிலிருந்து வெளியே கொண்டுவந்தது. ஜெய்ஹிந்த் என்ற வணக்கமும் நேதாஜி என்ற பட்டமும் ஜெர்மனியில் பிறந்தவை. தோட்டப் பிள்ளைகள் அவற்றைப் பின்னர் கற்றுக்கொண்டார்கள்.

ஜெர்மனியில் ஓர் இந்தியப் படை

வட ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயப் படைக்காகப் போரிட்டு ஜெர்மானியரிடம் சிக்கிய இந்தியச் சிப்பாய்கள் அன்னாபர்க் முகாமில் கைதிகளாக இருந்தார்கள். சுபாஷின் ஆள்கள் அவர்களிடம் பேசி, விடுதலைப் படை ஒன்றில் சேரும்படி அழைத்தார்கள். பலர் மறுத்தார்கள். ஆங்கிலேய அரசருக்குச் செய்த சத்தியத்தை மீற மனம் வராதவர்கள் இருந்தார்கள். கட்சி மாறினால் ஊரிலுள்ள பெற்றோரும் மனைவி மக்களும் என்ன ஆவார்கள் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள்.

ஆனாலும் படை வளர்ந்தது. டிரெஸ்டன் நகருக்கு அருகே கோனிக்ஸ்ப்ரூக் என்ற இடத்தில் பயிற்சி நடந்தது. சுமார் 3,000 பேர் சேர்ந்தார்கள். ஆங்கிலேயர் மதவாரியாக, இனவாரியாகப் பிரித்து வைத்திருந்த சிப்பாய்களை சுபாஷ் ஒரே அணியில் கலந்து நிறுத்தினார். சீக்கியரும் முஸ்லிமும் இந்துவும் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். இதே முறையைப் பின்னர் அவர் மலாயாவிலும் கடைப்பிடித்தார்.

அந்த முகாம் வாழ்க்கை சிப்பாய்களுக்குச் சுகமானதாக இல்லை. பனி, புரியாத மொழி, வீட்டிலிருந்து சேதி இல்லாத மாதங்கள். 1942 மே மாதம் சுபாஷ் ஹிட்லரைச் சந்தித்தார். இந்திய விடுதலையை ஆதரித்து அறிக்கை விட ஹிட்லர் முன்வரவில்லை. ஜெர்மனியிலிருந்து இந்தியாவை அடைய முடியாது என்பது சுபாஷுக்குத் தெளிவானது. ஹிட்லர் ஆட்சியோடு அவர் கைகோத்தது சரியா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. யூதர்களைக் கொன்று குவித்த ஆட்சி அது. எதிரியின் எதிரி நண்பன் என்று அவர் எடுத்த முடிவுக்கு விலை இருந்தது. அதைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் அவரை நம்பி வந்த சிப்பாய்கள்.

அவர் கிளம்பிய பிறகு அந்தப் படை தலைவன் இல்லாத படையானது. ஹாலந்துக்கும் பிரான்சின் கடற்கரைக்கும் அனுப்பப்பட்டது. 1944இல் ஹிட்லரின் எஸ்.எஸ். படையோடு சேர்க்கப்பட்டது. எந்த இந்திய எல்லையையும் காணாமலேயே போர் முடிவில் கைதிகளாகி ஊர் திரும்பியது.

பத்து வாரக் குழந்தை

1942 நவம்பர் 29ஆம் தேதி வியன்னாவில் எமிலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அனிதா என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு நான்கு வாரம் ஆனபோது தந்தை வந்து பார்த்தார். அதற்குள் அவர் ஆசியாவுக்குப் புறப்படும் ஏற்பாடுகள் முடியும் கட்டத்தில் இருந்தன.

1943 பிப்ரவரி 8ஆம் தேதி கீல் துறைமுகத்தில் யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். உடன் சென்றவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் ஒருவரே. அப்போது அனிதாவுக்குப் பத்து வாரம். புறப்படுமுன் அண்ணன் சரத் சந்திர போஸுக்கு வங்காள மொழியில் ஒரு கடிதம் எழுதி எமிலியிடம் விட்டுச் சென்றார். தமக்குத் திருமணமாகியிருப்பதையும் மகள் பிறந்திருப்பதையும் அதில் தெரிவித்து, தமக்குக் காட்டிய அன்பை அவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். திரும்பி வராமல் போகலாம் என்பதை அவர் அறிந்தே புறப்பட்டார். போர் முடிந்த பிறகுதான் அந்தச் செய்தி அண்ணனைச் சென்றடைந்தது.

ஏப்ரல் 28ஆம் தேதி மடகாஸ்கர் அருகே கொந்தளித்த கடலில் ரப்பர் படகு மூலம் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறினார். சுமத்ராவின் சபாங் தீவில் கரையேறி, தோக்கியோ சென்று, ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார்.

தோட்ட லயத்துக்கு வந்த அழைப்பு

ஜூலை 4ஆம் தேதி கேத்தே மண்டபத்தில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்றார். மறுநாள் திடலில் இந்திய தேசிய இராணுவத்தைப் பார்வையிட்டார். அவருடைய இந்துஸ்தானிப் பேச்சு மேடையிலேயே தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. கேட்கக் கூடியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதே காரணம்.

அப்போது தோட்டங்களின் நிலை மிக மோசம். போரினால் ரப்பருக்கு விலை இல்லை. துரைமார்கள் ஓடிவிட்டார்கள். பால்வெட்டு நின்றது, சம்பளமும் நின்றது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்களின் எண்ணிக்கை பல்லாயிரம். தகப்பன் போன வீடு, அண்ணன் போன வீடு என்று ஒவ்வொரு லயத்திலும் வெறுமை இருந்தது.

இந்த நிலையில்தான் நேதாஜியின் அழைப்பு வந்தது. படையில் சேர்ந்தவர்களுக்குச் சீருடையும் சாப்பாடும் கிடைத்தன. சயாமுக்குப் போவதிலிருந்து தப்பவும் அது ஒரு வழியாக இருந்தது. ஆயினும் அதை மட்டும் சொன்னால் கதை முழுமையாகாது. கங்காணியும் கிராணியும் அதட்டிய மனிதனை ஒரு தலைவர் சமமாக நிறுத்திப் படைவீரன் என்று அழைத்தார். எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். தோட்டத் தமிழருக்கு அது புது அனுபவம். அதே நேரத்தில், சயாமுக்கு ஆள் பிடித்த ஜப்பானியரின் தயவில்தான் நேதாஜியின் படையும் இயங்கியது. இந்த முரண்பாடு தோட்டக் குடும்பங்களின் நினைவில் இன்றும் ஆறாத புண்ணாகவே இருக்கிறது.

பெண்களின் படை

1943 அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்த நேதாஜி, மறுநாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையின் முகாமைத் திறந்துவைத்தார். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் லட்சுமி அதன் தலைவி. சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயா தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் பால்மரம் வெட்டிய கைகளில் துப்பாக்கி பிடித்தவர்கள். சிறுவர்களுக்குப் பாலர் சேனை இருந்தது. தோடு, மூக்குத்தி, தாலிச் சங்கிலி வரை கழற்றிக் கொடுத்த பெண்களும் இருந்தார்கள்.

பெண்கள் சேர வேண்டுமானால் தகப்பனோ கணவனோ சம்மதக் கையெழுத்து இட வேண்டும் என்ற விதி இருந்தது. கோலாலம்பூரின் ஜானகி தேவரின் தந்தையும் தயங்கித்தான் கையெழுத்திட்டார். அந்தப் பதினெட்டு வயதுப் பெண் பிறகு பர்மா வரை சென்றார். போருக்குப் பின் ம.இ.கா.வின் தொடக்கக்காலத் தலைவர்களில் ஒருவராகவும் செனட்டராகவும் விளங்கிய ஜானகி ஆதி நாகப்பன் அவரே. 2000ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பிற வீட்டுத் தகப்பன்மாரிடம் மகளை அனுப்பச் சம்மதம் கேட்ட அந்த மனிதர், தம் மகளைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்தார். அந்தப் பாசம் முகாம் பெண்கள் மீது அக்கறையாக வெளிப்பட்டது என்று சொல்லத் தோன்றும்படி அவருடைய நடத்தை இருந்தது. 1945 ஏப்ரல் 24ஆம் தேதி ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, ஜான்சி ராணிப் பெண்களை விட்டுவிட்டு முன்னால் செல்ல அவர் மறுத்தார். விமானக் குண்டுகளுக்கு அஞ்சி இரவில் நடந்து, ஆறுகளைக் கடந்து, அவர்களோடு சேர்ந்தே தாய்லாந்தை அடைந்தார்.

சிரம்பானில் கடைசி நாள்கள்

இம்பால் போரில் தோற்று, பர்மாவையும் இழந்த பிறகும் அவர் ஓயவில்லை. மலாயாவில் மீண்டும் ஆள் திரட்டிப் பயிற்சி தர முனைந்தார். 1945 ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் சிரம்பானில் இருந்த இராணுவப் பயிற்சி முகாமைப் பார்வையிட வந்து, அங்கேயே தங்கியிருந்தார். அவருடைய அமைச்சர்களில் ஒருவரான எஸ்.ஏ. ஐயரும் உடன் இருந்தார்.

அந்த நாள்களில்தான் ரஷ்யா ஜப்பான் மீது போர் தொடுத்த செய்தி சிரம்பானுக்கு வந்தது. அடுத்து, தொலைபேசியில் சொல்ல முடியாத ஒரு செய்தியோடு சிங்கப்பூரிலிருந்து இருவர் காரில் வந்து சேர்ந்தார்கள். ஜப்பான் சரணடையப் போகிறது. ஜெர்மனியில் தொடங்கி நான்காண்டுகளாகக் கட்டிய அனைத்தும் சரிந்துவிட்டது என்பதை நேதாஜி அறிந்துகொண்டது நெகிரி செம்பிலான் மண்ணில்தான்.

உடனே காரில் சிங்கப்பூர் திரும்பினார். கடைசி நாள்களில் அவர் கவனித்த காரியங்களில் முக்கியமானது ஜான்சி ராணி முகாமிலிருந்த பெண்களைப் பணம் கொடுத்துப் பத்திரமாக அவரவர் வீட்டுக்கு அனுப்புவது. ஆகஸ்ட் 16ஆம் தேதி சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். 18ஆம் தேதி தைப்பேயில் விமானம் விழுந்து நொறுங்கியதில் உடல் வெந்து, அன்றிரவே மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 48. அவர் சாகவில்லை என்ற நம்பிக்கை தோட்டங்களிலும் பல காலம் நிலவியது. இந்திய அரசாங்கம் பல விசாரணைகள் நடத்தியது. அஸ்தி தோக்கியோவின் ரென்கோஜி ஆலயத்தில் இன்றும் இருக்கிறது.

எஞ்சிய குடும்பங்கள்

வியன்னாவில் எமிலி அந்தச் செய்தியை வானொலியில் கேட்டார். சமையலறையில் தாயாரோடு உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த மாலை நேரம் அது. எழுந்து, குழந்தை தூங்கிக்கொண்டிருந்த அறைக்குப் போய், கட்டிலருகே மண்டியிட்டு அழுதார். அனிதாவுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை.

பிறகு எமிலி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, தாயாரின் துணையோடு மகளை வளர்த்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1948இல் சரத் சந்திர போஸ் குடும்பத்தோடு வியன்னா சென்று அவரையும் குழந்தையையும் உறவாக ஏற்றுக்கொண்டார். எமிலி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கணவரின் பெயரால் புகழோ பதவியோ தேடவில்லை. 1996இல் காலமானார். அனிதா பொருளாதாரப் பேராசிரியராகி, தந்தை விட்டுப்போன அதே ஜெர்மனியில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். தந்தையின் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பலமுறை கேட்டுவருகிறார்.

தோட்டங்களுக்குத் திரும்பியவர்களை வரவேற்க அணிவகுப்பு எதுவும் இல்லை. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் பால்வாளியைத் தூக்கினார்கள். ஆனால், பழையபடி தலை குனிய அவர்களால் முடியவில்லை. ஆசாத் ஹிந்த் இயக்கத்திலிருந்து வந்த ஜான் திவி 1946இல் ம.இ.கா.வைத் தொடங்கினார். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த எஸ்.ஏ. கணபதி தொழிற்சங்கத் தலைவராகி, 1949இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டார். கூலி உயர்வு கேட்டு நின்ற தோட்டத் தொழிலாளர் வரிசைகளில் படைப் பயிற்சி பெற்றவர்களும் நின்றார்கள்.

திரும்பாதவர்களின் வீடுகளில் கதை வேறு. பர்மாவில் இறந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, கடிதம் வரவில்லை. சிங்கப்பூரில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னத்தையும் திரும்பி வந்த ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கணவன் எந்த ஊரில், எந்த நாளில் இறந்தான் என்று தெரியாமலே பல பெண்கள் திதி கொடுத்தார்கள்.

இன்று அந்தத் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் சிரம்பான், லாபு, ரந்தாவ், பகாவ் குடும்பங்களில் பழைய பெட்டிகளின் அடியில் ஒரு புகைப்படமோ, படை அடையாளச் சீட்டோ, சயாமுக்குப் போனவர், பர்மாவுக்குப் போனவர் என்ற பேச்சோ இன்னும் இருக்கக்கூடும். எமிலியின் கதை வெளிவந்ததற்குக் காரணம், அவர் பாதுகாத்து வைத்திருந்த கடிதங்களும் அவற்றைக் கேட்டு எழுதி வைத்த உறவினர்களுமே. தோட்டத்துப் பாட்டிகளுக்குக் கடிதம் வரவில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். பெயர், தோட்டம், போன ஆண்டு என்று மூன்று வரியாவது எழுதி வைத்தால், தோட்ட வீட்டுச் சுவரில் படமாக இருந்த அந்தத் தலைவரின் வரலாற்றில் அந்தக் குடும்பங்களுக்கும் ஓர் இடம் இருக்கும்.